வீட்டுக்கு இயந்திரங்கள் வந்தன. வீட்டு வேலை குறைந்ததா?

கார்முகில் எழுதியது:

கடந்த நூறாண்டில் அன்றாட வாழ்க்கை எளிதாகிவிட்டது என்று சொல்பவர்கள் சலவை இயந்திரத்தையும் குளிர்சாதனப் பெட்டியையும் எரிவாயு அடுப்பையும் சான்றாகக் காட்டுகிறார்கள். வசதி கூடியதை நான் மறுக்கவில்லை. நேரம் மிச்சமானது என்பதைத்தான் மறுக்கிறேன். ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974இல் அமெரிக்க இல்லத்தரசிகளின் நேரப் பதிவுகளை ஒப்பிட்டார். வெளி வேலைக்குச் செல்லாத பெண்கள் 1924இல் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். இயந்திரங்கள் பரவலாகிவிட்ட 1960களில் அது 55 மணி நேரமாக இருந்தது.

காரணத்தைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. துவைப்பது எளிதானபோது, வாரம் ஓரிரு முறை மாற்றிய உடையை நாள்தோறும் மாற்றத் தொடங்கினோம். வெளியே சலவைக்குக் கொடுத்த துணி, இயந்திரம் வந்ததும் வீட்டுக்கே திரும்பி வந்தது. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் சுட்டிக்காட்டும் இன்னொன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விறகு பிளப்பதும் கரி சுமப்பதும் பெரும்பாலும் ஆண்கள், சிறுவர்களின் வேலைகளாக இருந்தன. புதிய அடுப்பு அந்த வேலைகளை நீக்கியது. அடுப்பின் முன் நிற்கும் வேலையை நீக்கவில்லை. பலர் பகிர்ந்து செய்தது ஒருத்தியின் தலையில் வந்து சேர்ந்தது.

செந்தணல் எழுதியது:

கார்முகில் அவர்களே, 1924இன் ஒரு மணி நேரத்தையும் 1960இன் ஒரு மணி நேரத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறீர்கள். இயந்திரத்துக்கு முந்தைய சலவை நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியும் முன்பே நீர் சுமந்து வந்து நிரப்பி, அடுப்பு மூட்டிக் காய்ச்சி, துணியை ஊறவைத்து, தோலை அரிக்கும் காரச் சோப்பைத் தேய்த்து, வெள்ளைத் துணிகளைத் தனியே வேகவைத்து, இருமுறை அலசி, கைகளாலேயே முறுக்கிப் பிழிந்து உலர்த்த வேண்டும். மறுநாள் அடுப்பில் காய வைத்த இரும்புப் பெட்டியால் தேய்க்கும் வேலை தொடங்கும். கருவுற்றிருந்தாலும் காய்ச்சலில் கிடந்தாலும் அந்த நாள் தள்ளிப்போகாது. என் பாட்டி அறுபது வயதுக்குள்ளேயே நிமிர்ந்து நடக்க முடியாதவரானார். அவருடைய ஒரு மணி நேரமும் பொத்தானை அழுத்திவிட்டு உட்காரும் என் ஒரு மணி நேரமும் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், உடலில் ஒன்றல்ல.

உங்கள் எண்ணிக்கையும் முழுப் படம் அல்ல. அது வெளி வேலைக்குச் செல்லாத பெண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வெளி வேலைக்குச் சென்ற பெண்கள் அதில் ஏறக்குறையப் பாதி நேரமே வீட்டு வேலைக்குச் செலவிட்டார்கள் என்று அதே ஆய்வு கூறுகிறது. அவ்வாறு செல்லும் பெண்கள் பெருகியதுதான் இருபதாம் நூற்றாண்டின் பெரிய மாற்றம். பொருளியலாளர் வலரி ரேமி 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் உழைக்கும் வயதுப் பெண்களின் வீட்டு வேலை நேரம் 1900 முதல் 1965 வரை வாரத்துக்கு ஏறத்தாழ 6 மணியும், 2005க்குள் மேலும் 12 மணியும் குறைந்தது.

நீரோடை எழுதியது:

இருவரும் மின்சாரமும் குழாயும் உள்ள வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் 2023இல் தந்த அறிக்கையின்படி, 180 கோடி மக்கள் வீட்டு வளாகத்தில் நீர் இல்லாமல் வாழ்கிறார்கள். அத்தகைய பத்துக் குடும்பங்களில் ஏழில் நீர் கொண்டுவரும் பொறுப்பு பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் உரியது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 250 லிட்டர். ஒரு நடைக்கு 20 லிட்டர், அதாவது 20 கிலோ, சுமந்தாலும் பதின்மூன்று முறை நடக்க வேண்டும். அவ்வளவு நடை சாத்தியமில்லை என்பதால் அந்தக் குடும்பம் குறைந்த நீரிலேயே வாழ்கிறது, குறைவாகவே கழுவுகிறது, அதனால் நோயுறுகிறது. சலவை இயந்திரத்தைவிடக் குழாய்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

கார்முகில் எழுதியது:

நீரோடை சொன்னதை ஏற்கிறேன். உடலின் சுமை குறைந்தது என்ற செந்தணலின் வாதத்தையும் ஏற்கிறேன். ஆனால் ரேமியின் ஆய்வில் நீங்கள் விட்டுவிட்ட மறுபாதி ஒன்று உண்டு: அதே காலத்தில் ஆண்களின் வீட்டு வேலை நேரம் வாரத்துக்கு ஏறத்தாழ 13 மணி உயர்ந்தது. பெண்களுக்குக் குறைந்ததில் பெரும்பகுதி மறைந்துவிடவில்லை, கைமாறியிருக்கிறது. இது நல்ல மாற்றம். எனினும் இதற்கான பெருமையை இயந்திரத்துக்குக் கொடுப்பது தவறு. ஊதியமில்லாப் பராமரிப்பு உழைப்பின் மொத்த நேரத்தில் 76 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே செய்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கூறியது. எத்தனை இயந்திரங்கள் வந்தும், யார் செய்வது என்ற கேள்வி அவற்றால் தீரவில்லை.

செந்தணல் எழுதியது:

பங்கீடு பற்றி உங்களோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் நாம் இருவருமே எண்ண மறந்த ஒரு வேலை நோயாளியின் அருகில் விழித்திருப்பது. நூறாண்டுக்கு முன் தொண்டை அடைப்பானும் தட்டம்மையும் சாதாரணக் காயத்தின் சீழும் வாரக்கணக்கில் வீட்டுப் பெண்ணை இரவு முழுதும் உட்கார வைத்தன. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்தார், 1940களில் அது பெருமளவில் உற்பத்தியானது, தடுப்பூசிகள் பரவின. 2022இல் உலக அளவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 37 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். அது இன்னும் மிக அதிகம்தான். ஆயினும் பிறந்த குழந்தைகளில் சிலரை அடக்கம் செய்வதை எல்லாக் குடும்பங்களும் எதிர்பார்த்திருந்த காலம் போய்விட்டது. அந்தக் கண்விழிப்பு குறைந்தது எந்த நேரக் கணக்கிலும் ‘மிச்சம்’ என்ற பெயரில் வருவதில்லை.

கார்முகில் எழுதியது:

இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் வாதத்தில் இது ஒரு குறைதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உயிர் பிழைத்த அந்தக் குழந்தைகள் முதுமை வரை வாழ்கிறார்கள்; அதனால் கண்விழிப்பு தொட்டிலிலிருந்து முதியவரின் கட்டிலுக்கு இடம் மாறியிருக்கிறது. மறதிநோயோடு 2021இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களைப் பராமரிக்கும் நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே தருகிறார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இரவில் எழுந்து வாசலைத் தேடும் முதியவரை மெல்லப் பேசித் திரும்பப் படுக்க வைக்கும் வேலையை இன்றும் ஒரு மனிதர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

செந்தணல் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நேரக் கணக்கெடுப்புகளில் அந்த இரவு நேரம் ‘ஓய்வு’ என்றோ ‘உறக்கம்’ என்றோ பதியப்படாமல், வேலை என்றே தனியாகப் பதியப்பட வேண்டும்.