செவ்வந்திக்கல் நகை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்):
அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் என் மகளுக்கு 21 வயது நிறைகிறது. அவள் பிறந்த மாதத்துக்குரிய செவ்வந்திக்கல்லில், அதாவது கடைகளில் அமெதிஸ்ட் என்று சொல்லும் ஊதாக் கல்லில், ஒரு பதக்கமும் தோடும் 800 ரிங்கிட்டுக்குள் வாங்க விரும்புகிறேன். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரே அளவுள்ள இரண்டு கற்களில் ஒன்றுக்கு மற்றதைவிட மூன்று மடங்கு விலை சொன்னார்கள்; காரணம் கேட்டால், "இது நல்ல கல்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. என் அம்மாவின் பழைய மோதிரக் கல்லோ இப்போது வெளிறிப்போயிருக்கிறது. இந்தக் கல்லை நம்பி வாங்கலாமா?

பதில் 1 (ஜார்ஜ் டவுன்):
தாராளமாக வாங்கலாம், அம்மா. இது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் இனம். அதில் கலந்திருக்கும் இரும்பும், பூமிக்குள் பட்ட இயற்கைக் கதிரியக்கமும் சேர்ந்துதான் அந்த ஊதாவைத் தந்திருக்கின்றன. ஒரு காலத்தில் மாணிக்கத்துக்கு இணையாக மதிக்கப்பட்ட இக்கல், 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் ஏராளமாகக் கிடைத்த பிறகே விலை இறங்கியது. தமிழ்நாட்டில் ஈரோடு பக்கமுள்ள நம் கொடுமணலில் சங்க காலத்திலேயே இதை மணியாகக் கடைந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், எனக்கு இதன் மீது தனிப் பிரியம்.

பெரிய கற்கள் அரிதல்ல. ஆகவே அளவுக்காக அதிகம் கொடுக்காதீர்கள், நிறத்துக்குக் கொடுங்கள். விளக்கொளியில் எல்லாக் கல்லும் அழகுதான். கல்லை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஓரிடம் கருத்தும் ஓரிடம் வெளுத்தும் கோணலான பட்டைகள் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி. ஆய்வகத்தில் வளர்த்த கல்லையோ கண்ணால் பிரித்தறிய முடியாது. "இயற்கைக் கல்" என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடிப்பக்கம் மூடிய பதக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். வெளிறிய கல்லின் பின்னால் வண்ணத் தாளை ஒட்டி ஏமாற்ற அதில் வழி இருக்கிறது.

பதில் 2 (பட்டர்வொர்த்):
உங்கள் அம்மாவின் கல் வெளிறியதற்கு வெயில் காரணமாக இருக்கலாம். சில செவ்வந்திக்கற்கள் நீண்டநாள் வெயில் பட்டால் நிறம் இழக்கும். மெருகு போட்டாலும் அது திரும்பாது. எனக்கு வேறு விதமாக நேர்ந்தது. மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்தேன். பத்தர் கல்லைக் கழற்றாமலே பற்றவைத்துவிட்டார். ஊதாவாகக் கொடுத்தது, ஓரத்தில் தேநீர் மஞ்சள் ஏறித் திரும்பி வந்தது. சூடு பட்டால் இந்தக் கல் மஞ்சளாகும். சந்தையில் விற்கும் சிட்ரின் என்ற மஞ்சள் கற்கள் பலவும் இப்படிச் சுட்டெடுத்தவைதான். நெருப்பு வேலைக்கு முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள்.

பதில் 3 (செந்தூல்):
கல் எவ்வளவு கீறலைத் தாங்கும் என்பதை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் இதன் கடினம் 7. பதக்கத்துக்கும் தோட்டுக்கும் அது போதும். தினசரி மோதிரத்துக்குச் சற்றுக் குறைவு, ஏனெனில் தூசியிலேயே அதே கடினமுள்ள குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கிறது. உங்கள் தொகைக்குத் தங்கம் வேண்டாம். 925 முத்திரையுள்ள (92.5 விழுக்காடு தூய) வெள்ளியில் கட்டினால் மிச்சப் பணம் நல்ல கல்லுக்குப் போகும். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மெல்லிய தூரிகையும் போதும்; நீராவியில் சுத்தம் செய்ய விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மாவின் மோதிரம் பல ஆண்டுகளாகச் சன்னலோரச் சாமி மாடத்தில்தான் இருந்தது. மகளின் பதக்கத்துக்கு மூடியுள்ள பெட்டி ஒன்றும் சேர்த்து வாங்குகிறேன்.