புதுப்பிப்பு: .22 பிஸ்டல் மேகசின் சிக்கல், காரணம் பிடிபட்டது

தில்லி துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் நான் சுடும் .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டலில், மேகசினில் (தோட்டா அடுக்கும், கழற்றி மாட்டும் கூடு) போடும் ஐந்து தோட்டாவில் மூன்றாவது மட்டும் மூக்கு குத்தி (முனை கீழே சாய்ந்து, உள்ளே ஏறாமல்) நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அப்போது நான் சொன்னது தப்பு.

சேம்பர் (சுடும் தோட்டா உட்காரும் அறை) காலி என்று உறுதி செய்துகொண்டு, மேகசின்களுக்கு 1, 2, 3 என்று மார்க்கரில் எண் போட்டேன். ஒரே பெட்டித் தோட்டாவை மாற்றி மாற்றிச் சுட்டதில் கோளாறு 2-ஆம் எண்ணில் மட்டுமே வந்தது. ஆக, பிஸ்டலில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) மேல் பழி போட வேண்டாம். அந்த மேகசினின் அடித்தட்டைக் கழற்றினால் (ஸ்பிரிங் துள்ளும், கட்டைவிரலால் பொத்திக்கொள்ளுங்கள்) உள்சுவரெல்லாம் கறுப்புப் பிசின்: ஈயக் குண்டின் மெழுகு, மருந்துக் கரி, தாராளமாக விட்ட எண்ணெய், அதோடு தில்லிப் புழுதி. ஃபாலோயர் (தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டு) பாதி வழியில் ஒட்டிக்கொண்டது. நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்தாயிற்று. மேகசினுக்குள் எண்ணெய் கூடவே கூடாது.

மேகசின் வாய் விளிம்பின் இடைவெளியைக் காலிப்பரில் (நுண் அளவுகோல்) அளந்தால் மற்ற இரண்டோடு ஒத்துப்போனது. அதனால் குறடு எடுத்து விளிம்பை வளைக்க வேண்டியிருக்கவில்லை.

நிரப்பும்போது, மேல் தோட்டாவின் அடிவிளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். எத்தனை சுத்தம் செய்தாலும் நகராது.

இப்போது அதே 2-ஆம் எண்ணில் 10 முறை நிரப்பி 50 தோட்டா. ஒரு தடங்கல்கூட இல்லை.