சிறுநீர்க் கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்கும் அம்மையாரை எவ்வாறு பராமரிப்பது?

கேள்வி (இளநிலைச் செவிலியர்):
வணக்கம். என் பராமரிப்பில் உள்ள 62 வயது அம்மையாருக்கு இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது; சில வேளைகளில் கழிப்பறையை அடைவதற்குள்ளேயே பிரிந்துவிடுகிறது. இதை அவராகச் சொல்லவில்லை. விரிப்பை மாற்றச் சென்றபோது, ஈரத் துணியொன்றை அவசரமாகத் தலையணைக்கு அடியில் தள்ளியதைப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது. நனைந்துவிடுமோ என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே பாதியாகக் குறைத்துவிட்டார். டயப்பர் கட்டிவிடலாம் என்கிறார்கள் உடன் பணிபுரிவோர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1 (மூத்த செவிலியர்):
உங்கள் தயக்கம் சரியானதே. நடமாடக்கூடிய ஒருவருக்குக் காரணத்தை ஆராயாமல் டயப்பர் கட்டுவது பராமரிப்பாகாது. இருமல், தும்மலின் அழுத்தத்தால் வரும் கசிவும் அவசர உணர்வால் வரும் கசிவும் அவரிடம் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. சிறுநீர்ப் பரிசோதனை செய்து தொற்று இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். மலச்சிக்கல் உண்டா, என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறார் என்றும் கேளுங்கள். குறைந்தது 3 நாட்களுக்கு, குடித்த அளவு, சிறுநீர் கழித்த நேரம், கசிந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவரச் சொல்லுங்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து, சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரத்தை மேலும் கூட்டும் என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு விதித்திருந்தாலன்றித் தண்ணீரைக் குறைக்க வேண்டியதில்லை. காபியையும் தேநீரையும் குறைப்பதே பயன் தரும்.

மறுமொழி 2 (இயன்முறை மருத்துவர்):
சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை இன்றே கற்றுக்கொடுக்கலாம். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை உள்ளிழுத்து இறுக்கி, சில நொடிகள் நிறுத்தி, முழுமையாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கவோ தொடையையும் பிட்டத்தையும் இறுக்கவோ கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாக, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும். பலரும் இரண்டாம் வாரத்திலேயே பலனில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இருமல் வருவதற்குச் சற்று முன்பே தசையை இறுக்கிக்கொள்ளப் பழக்கினால் கசிவு குறையும்.

மறுமொழி 3 (முதியோர் பராமரிப்புச் செவிலியர்):
தோலையும் கவனியுங்கள். ஈரம் பட்ட இடத்தைக் காரமான சோப்பால் தேய்க்காமல் மென்மையாகக் கழுவி, ஒற்றியெடுத்து, தோல்காப்புக் களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. குறிப்பேட்டை அம்மையாரே தம் கையால் எழுதினார். 3 நாட்களிலும், அவசரக் கசிவுகளில் பெரும்பாலானவை சிறுநீரைப் பெருக்கும் காலை மாத்திரையை உட்கொண்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நேர்ந்திருக்கின்றன. நாளை மருத்துவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, மாத்திரை வேளையைப் பற்றிக் கேட்கவிருக்கிறோம்.