கிளை நூலகத்தில் புகைப்படப் பட்டறை: மனுவில் கையெழுத்துப் போடலாமா?

எண்ணூர்க்காரன்:
எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் ஆவணப் புகைப்படப் பட்டறை நடத்தச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இங்கே இருக்கிற பிள்ளைகளும் பெரியவர்களும் தங்கள் தெருவை, வேலையை, ஆற்றைத் தாங்களே படம் எடுக்க வேண்டும். அந்தப் படங்கள் பெயர், தேதி, இடத்தோடு நூலகத்திலேயே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றில் இறங்கியபோது எங்கள் ஆட்கள் குவளையாலும் வெறுங்கையாலும் அள்ளியதை நாடே படத்தில் பார்த்தது. கொஞ்ச நாளில் கேமராக்கள் போய்விட்டன. அதற்கப்புறம் வலையும் படகும் என்ன ஆனது, யார் தொழிலை விட்டார்கள் என்பதை எடுத்து வைக்க ஆள் இல்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

படிப்பறை:
நான் எதிர்க்கிறேன். நல்ல காரியம்தான், இடம்தான் தப்பு. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம், அது புத்தகத்துக்கும் உட்கார்ந்து படிக்கிற இடத்துக்கும். குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகள் கதவு திறக்கும் முன்னாலேயே வாசலில் நிற்கிறார்கள், பத்து மணிக்கு மேல் வந்தால் நாற்காலி கிடையாது, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கப் போட்டி. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டிலிருந்து வருகிறவர்கள் இவர்கள். இவர்களை எழுப்பிவிட்டு கேமரா வகுப்பா? சமுதாயக் கூடத்தில் நடத்துங்கள், நானே வந்து நாற்காலி போடுகிறேன்.

எண்ணூர்க்காரன்:
யாரையும் எழுப்பப் போவதில்லை. படம் எடுப்பது வெளியே, ஆற்றங்கரையில், மார்க்கெட்டில். உள்ளே உட்கார்ந்து பார்த்துப் பேசுவது வாசக நேரம் முடிந்த பிறகு. ஆனால் சமுதாயக் கூடம் ஏன் சரிப்படாது என்றால், அங்கே கல்யாணம் முடிந்ததும் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள். எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, இருபது வருடம் கழித்துக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற பழக்கம் நூலகத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, சுதந்திர இந்தியாவில் முதல் மாநிலம். அந்தச் சட்டம் போட்டவர்கள் கொஞ்சம் பெரிதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நெகட்டிவ்ரோல்:
ஃபிலிம் காலத்திலிருந்து படம் எடுக்கிறவன், அதனால் சொல்கிறேன். எனக்கு இடத்தைப் பற்றிக் கவலை இல்லை, படம் யாருடையது என்பதுதான் கவலை. அமெரிக்காவில் பெருமந்தக் காலத்தில், 1936-ல், டோரதியா லாங்கே அரசாங்க வேலையாகப் போய் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படம் எல்லோரும் பார்த்ததுதான். படக்குறிப்பில் வயது 32 என்று இருந்தது, ஏழு பிள்ளைகளின் தாய் என்று இருந்தது, பெயர் இல்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பெயர் ஊருக்குத் தெரியவந்தது 1978-ல். 42 வருடம் அவர் முகம் தபால் தலை அளவுக்குப் பழகிப்போன பிறகு! அதனால் தனக்கு ஒரு காசு வரவில்லை என்று அவரே சொன்னார். நம் ஊர்ப் பட்டறைகளிலும் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் எடுத்த படம் கடைசியில் நடத்தினவர்களின் ஆண்டறிக்கை அட்டையில் போய் உட்காரும், எடுத்த பிள்ளையின் பெயர் உள்ளே எங்கேயும் இருக்காது.

கழிமுகம்:
அண்ணா, நீங்கள் சொல்கிற காரணத்துக்காகத்தான் இந்தப் பட்டறை வேண்டும் என்கிறேன். என் அம்மா ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர். இரண்டு கையும் சேற்றைத் தடவ வேண்டும் என்பதால் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அந்த முகத்தைத்தான் எடுக்கிறார்கள், கரையில் நின்று தூரத்திலிருந்து. கேமரா என் கையில் இருந்தால் சாயங்காலம் வீட்டில் அவர் சோறு பிசைவதை எடுப்பேன். ஆளி என்கிற சிப்பியின் ஓடு கிழித்த விரலில் குழம்பின் காரம் பட்டதும் கையை ஒரு நொடி மேலே தூக்கிவிட்டு மறுபடி தட்டில் வைப்பார். அது தெரிய அந்த வீட்டில் இருக்க வேண்டும். மலக்குழி மரணங்களைப் படமெடுத்த பழனிக்குமார், மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவைப் படம் எடுத்தவர். இப்போது தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லித் தருகிறார். அவர் வழியில் போகிறவர்கள் பத்து பேர் வந்தால் என்ன கெட்டுவிடும்?

எண்ணூர்க்காரன்:
நெகட்டிவ்ரோல் சார், அந்தத் தாயின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நெகட்டிவ் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குறிப்பும் கூடவே இருந்ததால்தான் பெயர் இல்லாததே நமக்குத் தெரிகிறது. எங்கள் மனுவில் பெயரும் சேர்த்து எழுதச் சொல்கிறோம்.

நெகட்டிவ்ரோல்:
சரி, அப்படியானால் இதையும் எழுதுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு, அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு. சேர்க்கைப் படிவத்தில் சின்ன எழுத்தில் எதையாவது போட்டு அதை வாங்கிக்கொள்ளக் கூடாது. அதைவிட முக்கியம், சட்டம் படம் எடுத்தவரைத்தான் பார்க்கிறது, படத்தில் இருக்கிறவரைப் பார்ப்பதில்லை. அவர் நாளைக்கு வந்து வேண்டாம் என்றால் படத்தை நீக்கிவிட வேண்டும். இணையத்தில் ஏற்றவே கூடாது, அச்சுப் போட்ட ஆல்பம் போதும். மொபைலில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், ஒரு வீட்டை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

கழிமுகம்:
வேண்டாம் என்றால் நீக்கிவிட வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இணையமே கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது என்று புகார் கொடுக்கப் போனால் ஆதாரம் கேட்கிறார்கள், அன்றைக்கு நான் நூலகம் திறக்கும் வரை காத்திருக்க முடியாது. முகம் தெரியாத படங்களை, ஆறு, கரை, வலை, இதையெல்லாம் தேதியோடு வெளியே போடலாம். முகம் இருப்பதை அலமாரியில் வையுங்கள்.

நெகட்டிவ்ரோல்:
எது முகம் தெரியாத படம் என்று யார் முடிவு செய்வது? எங்கள் தெருவில் ஒருத்தரை அவர் சைக்கிளை வைத்தே சொல்லிவிடுவோம்.

கழிமுகம்:
எடுத்தவரும் படத்தில் இருக்கிறவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

படிப்பறை:
நீங்கள் பேசுவதெல்லாம் நியாயம், ஆனால் யார் செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் நூலகத்தில் இருப்பவர் ஒரே ஒருத்தர், அவரே புத்தகம் கொடுக்கிறார், அவரே பூட்டுகிறார். ஹார்ட் டிஸ்க் கெட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டுமா? மனுவில் முதலில் இன்னொரு பணியாளரைக் கேளுங்கள், படிப்பறைக்கு முப்பது நாற்காலி கேளுங்கள், அப்புறம் கேமரா. அந்த வரிசையில் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் எதிர்த்து ஒரு மனு கொடுப்பேன்.

எண்ணூர்க்காரன்:
பணியாளரும் நாற்காலியும் சேர்க்கிறோம். வரிசையை மாற்ற மாட்டோம், மூன்றையும் ஒன்றாகவே கேட்கிறோம். திருத்திய வரைவை நாளை இங்கேயே போடுகிறேன்.