லேத் சக்கில் சரியாக இருக்கும் போர் (துளை), கழற்றியதும் பிளக் கேஜை உள்ளே விடமாட்டேங்குது

பீன்யா_டர்னிங்:

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஜாப் ஒர்க் கடை. 40 கன்மெட்டல் (செம்பு-வெள்ளீயக் கலவை) புஷ், அதாவது குழாய் மாதிரி உருளை, வந்திருக்கு. வெளிவிட்டம் 60 பி6 (p6, ஹவுசிங் என்கிற கூட்டில் இறுக்கி ஏத்துற அளவு), போர் 50 எச்7 (H7), நீளம் 45. அதாவது போர் 50.000-க்கும் 50.025-க்கும் நடுவில் இருக்கணும், சுவர் வெறும் 5 மி.மீ. வெளிவிட்டத்துக்கும் போருக்கும் கான்சென்ட்ரிசிட்டி (ஒரே மையத்தில் இருக்கிறது) 0.03 கேட்டிருக்காங்க.

மெட்டீரியல் ஓட்டையோடு வார்த்த ஸ்டிக்: வெளியே 65, உள்ளே சுமார் 42. அதை 48 நீளத்துக்கு வெட்டி வெச்சாச்சு. 200 மி.மீ. த்ரீ ஜா சக்கில் ஹார்டு ஜாவில் (கெட்டியான பிடிதாடையில்) பிடிச்சு 20 மி.மீ. போரிங் பாரில், 710 ஆர்.பி.எம்.மில் போர் பண்றோம். போர் டயல் கேஜ் எந்தப் பக்கம் திருப்பினாலும் 50.012 காட்டுது. ஜாப்பைக் கழற்றினா கோ பிளக் கேஜ் (உள்ளே போயே ஆகவேண்டிய 50.000 சோதனை உருளை) வாயிலேயே நிக்குது. கழற்றின பிறகு போர் டயலில் பார்த்தாலும் அதே 50.012தான். கேஜ் தப்பா, ஜாப் தப்பா?

இன்னொண்ணு, சக் பக்கம் போர் 0.015 சின்னதா வருது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? 49.8-ல் நிறுத்திட்டு ரீமர் (துளையைக் கடைசி அளவுக்குச் சீவுற டூல்) விட்டா ரெண்டும் சரியாகுமா?

மைக்ரான்:

ரெண்டு கேஜும் சரி, போர்தான் வட்டமா இல்லை. மூணு ஜா இறுக்கும்போது 5 மி.மீ. சுவர் ஜாவுக்கு அடியில் உள்ளே அமுங்குது, ரெண்டு ஜாவுக்கு நடுவில் வெளியே புடைக்குது. அந்த நிலையில் நீங்க சுத்தமான வட்டமா போர் பண்றீங்க. இறுக்கத்தை விட்டதும் அமுங்கின இடம் வெளியே போகுது, புடைச்ச இடம் உள்ளே வருது. மிஞ்சுறது மூணு மேடு, மூணு பள்ளம் உள்ள போர்.

போர் டயல் ஏன் இதைக் காட்டலை என்பதுதான் முக்கியம். அது ரெண்டு எதிரெதிர் புள்ளியை அளக்குது. மூணு மடிப்பு உருவத்தில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே எப்பவும் ஒரு பள்ளம்தான் இருக்கும். ஒரு பக்கம் குறையுறது மறுபக்கம் கூடிடும், அதனால் சுத்தி எங்கே திருப்பினாலும் ஒரே அளவு. பிளக் கேஜ் முழு வட்டம். அது மேடுகளுக்கு உள்ளே அடங்குற வட்டத்தைத்தான் பார்க்கும். உங்க கணக்கில் ஆரத்தில் 6 மைக்ரான் வளைஞ்சாலே போதும்: 50.012-லிருந்து 12 மைக்ரான் போய் உள்வட்டம் சரியா 50.000. அதுக்கு மேலே வளைஞ்சா கோ கேஜ் நுழையாது.

உறுதிப்படுத்த வழி இருக்கு. ஜாப்பைக் கழற்றுறதுக்கு முன்னாடி, சக்கில் இருக்கும்போதே போரைத் துடைச்சுட்டு கோ பிளக்கை வாயில் விட்டுப் பாருங்க. போகும். பிறகு மூணு ஜா இருந்த இடத்தையும் மார்க்கரால் குறிச்சுட்டு இறுக்கத்தை விடுங்க. பிளக் கேஜ் முனையில் பிரஷ்யன் ப்ளூ மெல்லிசாத் தேய்ச்சு, வாயில் வெச்சு லேசா அழுத்தித் திருப்புங்க. நீலம் மூணு திட்டாத்தான் ஒட்டும், மூணுமே மார்க்கர் குறிக்கு நடுநடுவே இருக்கும். மூணு புள்ளி உள்மைக்ரோமீட்டர் இருந்தா அதை 60 டிகிரி திருப்பித் திருப்பி அளங்க, அளவு கூடிக் குறையும். பெரிய வாடிக்கையாளர் வட்டத்தன்மை ரிப்போர்ட் கேட்டா துமகூரு ரோட்டில் சி.எம்.டி.ஐ. (மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம்) பக்கத்திலேயே இருக்கு. உங்க சோதனைக்கு நீலமே போதும்.

சூட்டையும் இதோடு குழப்பிக்காதீங்க. கன்மெட்டல் 50 மி.மீ.யில் 20 டிகிரி சூடானா ஏறக்குறைய 18 மைக்ரான் விரியும். ரஃப் கட் முடிஞ்ச கையோடு அளந்தா போர் பெருசாத் தெரியும், ஆறினதும் சுருங்கும். ஆனா அந்தச் சுருக்கம் போர் டயலிலும் தெரியும். உங்களுக்குக் கழற்றின பிறகும் 50.012 நிக்குது, அதனால் இது சூடு இல்லை. இருந்தாலும் பினிஷ் கட்டுக்கு முன்னாடி ஆறவிடுங்க.

ரீமர் வேண்டாம். அமுங்கின நிலையிலேயே ரீமர் வட்டமா வெட்டும், விட்டதும் அதே மூணு மேடு வரும். ரீமர் இருக்கிற ஓட்டையின் வழியில்தான் போகும், வார்ப்பு ஓட்டை கோணலா இருந்தா அச்சை நேராக்காது. அச்சை நேராக்குறது போரிங் பார் மட்டும்தான்.

நாலு_ஜா:

மைக்ரான் சொன்னது சரி. டேப்பருக்கு, அதாவது சக் பக்கம் போர் சின்னதா வர்றதுக்கு, நான் சொல்றேன்.

போரிங் பார் வளையுறதாலதான் டேப்பர்னு பலரும் உடனே சொல்லிடுவாங்க. கேரேஜ் (டூலைத் தாங்கி பெட் மேல் நகர்ற பாகம்) உள்ளே போகும்போது பாரின் நீட்டம் மாறுறதில்லை. கட் ஆழம் ஒரே மாதிரி இருந்தா வளைவும் முழு நீளத்துக்கு ஒண்ணுதான். அதனால் போர் சின்னதா வரும், டேப்பரா வராது. முதல்ல பார்க்க வேண்டியது ரெண்டு. ஃபீட் கேரேஜில்தான் போகுதா, கம்பவுண்ட் ஸ்லைடில் (கோணம் திருப்பி வைக்கிற சின்ன ஸ்லைடில்) போகுதா? கம்பவுண்ட்ல போனா அதன் கோணம் அப்படியே போரில் விழும். கேரேஜ்னா ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றுற பெட்டி) அச்சு பெட்டுக்கு இணையா இருக்கான்னு பாருங்க.

சோதனை: 50 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பாரை சக்கில் பிடிங்க, டெயில்ஸ்டாக் (எதிர்முனைத் தாங்கி) முட்டுக் கொடுக்காதீங்க. 150 மி.மீ. இடைவெளியில் ரெண்டு காலர் விட்டு நடுவைக் குறைச்சுடுங்க. கூரான டூலில் 0.1 ஆழத்தில் ரெண்டு காலரையும் ஒரே ஓட்டத்தில் கட் எடுத்து மைக்ரோமீட்டரில் அளங்க. உங்களுக்கு 45 மி.மீ.க்கு 0.015, அப்ப 150-க்கு 0.05. ஹெட்ஸ்டாக் காரணம்னா வெளி முனைக் காலர் 0.05 பெருசா வரணும். போரானாலும் வெளிவிட்டமானாலும் டூல் உங்க பக்கம் இருக்கிற வரை திசை ஒண்ணுதான். அந்த வித்தியாசம் வரலைன்னா ஹெட்ஸ்டாக்கில் கை வைக்காதீங்க. ரஃப் கட் விட்டுட்டுப் போன பாக்கி சீரா இல்லாம இருக்கும்.

அதுக்கு மருந்து: கடைசி ரெண்டு கட்டும் ஒரே ஆழம். விட்டத்தில் 0.4 பாக்கின்னா முதல்ல 0.2 எடுங்க, அளங்க, பிறகு அதே 0.2. ரெண்டு கட்டிலும் பார் ஒரே அளவு வளையும், அதனால் டயலில் கொடுத்தது அப்படியே ஜாப்பில் வரும். கடைசியில் 0.02 மட்டும் எடுக்கலாம்னு போனா டூல் வெட்டாது, தேய்க்கும்.

20 பாரையும் மாத்துங்க. ரஃப் போர் 49-க்கு மேல் வந்த பிறகு 32 பார் தாராளமா நுழையும். விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறுது, 20-லிருந்து 32-க்குப் போனா ஆறரை மடங்கு. ஸ்டீல் பாருக்கு நீட்டம் விட்டத்தைப்போல நாலு மடங்குக்குள் இருக்கட்டும். டிப் 0.4 மூக்கு ஆரம், அலுமினியத்துக்கு வர்ற பாலிஷ் பண்ணின கூர் டிப். 0.8 மூக்கு சுவரை வெளியே தள்ளும். டூல் உயரம் சென்டரில், இல்லைன்னா ஒரு முடி மேலே. கீழே இறங்கினா டூலின் அடிப்பக்கம் போரில் உரசும். பினிஷுக்கு ஃபீட் 0.08, ஒரு பக்கம் 0.1 ஆழம்.

பீன்யா_டர்னிங்:

நீலம் போட்டுப் பார்த்தாச்சு. மைக்ரான் சார் சொன்ன மாதிரியே ஜாவுக்கு நடுவில் மூணு திட்டு. சக்கில் இருக்கும்போது கேஜ் வாயில் போச்சு. 48 நீளத்துக்கு வெட்டினது வெட்டினதுதான், இனி எப்படிப் பிடிக்கலாம்? சாஃப்ட் ஜா (ஜாப் அளவுக்கு வெட்டிக்கிற மென்மையான ஜா) போர் பண்றதுக்கு அளவு எவ்வளவு கொடுக்கணும்?

ராஜாஜிநகர்_ஃபிக்சர்:

முதல்ல ரஃப். ஹார்டு ஜாவில் தாராளமா இறுக்கி போரை 49.3-க்கும் வெளியை 60.5-க்கும் கொண்டு வாங்க, ரெண்டு முகமும் பேஸிங் பண்ணி 45.2-ல் நிறுத்துங்க. 40-ஐயும் ரஃப் முடிச்சு ஆறவெச்சுட்டுத்தான் பினிஷுக்குப் போகணும். வார்ப்புத் தோல் போனதும் ஜாப் கொஞ்சம் அசையும், அந்த அசைவு பினிஷுக்கு முன்னாடியே முடிஞ்சுடட்டும்.

பினிஷ் போருக்கு அகல சாஃப்ட் ஜா, ஜாப்பை ஏறக்குறைய முழுசா அணைக்கிற வகை, ஜாக்களுக்கு நடுவில் 3 மி.மீ. இடைவெளி போதும். போர் பண்ணும்போது ஜாவின் உள்பக்கம் ஒரு ரிங்கைக் கடிக்க விட்டு இறுக்குங்க, ஜாப்பை இறுக்குற அதே திசையில். இல்லைன்னா ஸ்க்ரோலின் (ஜாவை நகர்த்துற சுருளின்) தளர்ச்சி எதிர்ப்பக்கம் நிக்கும், போர் பண்ணினது வீண். அளவு 60.5 அல்லது 60.48. ஜா போர் ஜாப்பைவிடப் பெருசானா ஒவ்வொரு ஜாவும் நடுவில் மட்டும் தொடும், மறுபடி மூணு புள்ளிதான். ஒரு துளி சின்னதானா ஒவ்வொரு ஜாவும் ரெண்டு ஓரத்தில் தொட்டு ஆறு இடமாகும், மெல்லிய சுவருக்கு அது நல்லது. உள் மூலையில் 1.5 மி.மீ. அண்டர்கட் போடுங்க, பிசிர் அங்கே ஒதுங்கும். ஜாவுக்கு 1, 2, 3 நம்பர் அடிங்க, எப்பவும் ஒரே சாவி ஓட்டையில்தான் இறுக்குங்க. சாவியில் பைப் மாட்டவே கூடாது.

அகல ஜா இல்லைன்னா ஸ்ப்ளிட் புஷ் பண்ணிக்கலாம். எம்.எஸ்.ஸில் வெளியே 80, உள்ளே 60.5, நீளம் 40. ஒரு இடத்தில் 2 மி.மீ. முழு வெட்டு, இன்னும் ரெண்டு இடத்தில் உள்ளிருந்து பாதி வெட்டு. முழு வெட்டு எந்த ஜாவுக்கு அடியிலும் வரக்கூடாது, ரெண்டு ஜாவுக்கு நடுவில் நிக்கணும்.

என் கணக்கில் இந்த அளவுக்கு ரொம்ப நல்லது பாட் ஃபிக்சர். ஜாப் ஒரு கிண்ணத்தில் தளர்வாப் போய் உட்காரும், மூடி திருகி முகத்தில் மட்டும் அழுத்தும். சுவரில் பக்கவாட்டு அழுத்தமே இல்லை. மூடியின் ஓட்டை 54, ஜாப் முகத்தில் 3 மி.மீ. அமரும், டூலும் தாராளமாப் போகும். 40 எண்ணிக்கைக்கு ஃபிக்சர் செலவு தாங்கும், 4 எண்ணிக்கைக்கு ஸ்ப்ளிட் புஷ் போதும்.

வெளிவிட்டத்தை சக்கில் திருப்பிப் பிடிச்சு எடுக்காதீங்க, 0.03 அங்கேதான் தொலையுது. போர் முடிஞ்ச புஷ்ஷை 2000-க்கு 1 டேப்பர் மேண்ட்ரலில் (போருக்குள் இறுகுற தண்டில்) ஏத்தி ரெண்டு சென்டருக்கு நடுவில் எடுங்க. அந்த மேண்ட்ரல் 100 மி.மீ.க்கு 0.05 மாறும். உங்க போர் 25 மைக்ரான் வரை மாறலாம்னா புஷ் நிக்கிற இடமும் 50 மி.மீ. வரை தள்ளித் தள்ளி நிக்கும், மேண்ட்ரல் நீளத்தை அதுக்கேத்த மாதிரி வெச்சுக்குங்க.

நாலு_ஜா:

அடுத்த ஆர்டருக்கு ஸ்டிக்கை வெட்டாதீங்க. 300 நீள ஸ்டிக்கை 40 மி.மீ. உள்ளே பிடிச்சு, ரஃப், பினிஷ் போர், வெளிவிட்டம், உள் சேம்பர் (விளிம்புச் சரிவு) எல்லாம் ஒரே செட்டிங்கில் முடிச்சு 4 மி.மீ. பார்ட்டிங் (வெட்டிப் பிரிக்கிறது). இறுக்கம் தடிச்ச பாகத்தில் விழும், போரில் வராது. கான்சென்ட்ரிசிட்டியும் தானா வந்துடும். ஒரு ஸ்டிக்கில் 5 புஷ் கிடைக்கும். பார்ட்டிங் பக்கம் சேம்பரை முன்கூட்டியே போடுங்க, இல்லைன்னா பிசிர் போருக்குள் மடியும். விழுற புஷ்ஷைத் தாங்க டெயில்ஸ்டாக்கில் ஒரு வழவழ ராடு மாட்டிவிடுங்க.

மைக்ரான்:

பினிஷ் தொடங்குறதுக்கு முன்னாடி வாடிக்கையாளரிடம் ஒண்ணு கேளுங்க: 50 எச்7 என்பது புஷ் தனியா இருக்கும்போதா, ஹவுசிங்கில் ஏத்தின பிறகா? 60 பி6 என்றால் +0.032 முதல் +0.051. ஹவுசிங் எச்7 ஆனா 0 முதல் +0.030. இறுக்கம் 2 மைக்ரானிலிருந்து 51 வரை போகும். ஹவுசிங் தடியா இருந்தா அந்த இறுக்கத்தின் பெரும்பங்கு இந்த 5 மி.மீ. சுவர் வழியா போரில் இறங்கிடும், நீங்க கொடுத்த 50.012 ஏத்தினதும் 50-க்குக் கீழே போகலாம். ஏத்தின பிறகுன்னு சொன்னா, ரெண்டு புஷ்ஷை அவங்க ஹவுசிங்கிலேயே ஏத்தி முன்னும் பின்னும் போரை அளங்க. வர்ற வித்தியாசத்தை மீதி 38-க்கும் போர் அளவில் கூட்டிக் கொடுங்க. அப்படி வேண்டாம்னா 0.3 பாக்கி வெச்சு அனுப்பி, ஏத்தின பிறகு ஹவுசிங்கோடு சேர்த்துப் போர் பண்ணச் சொல்லலாம்.