கிரீஸ்: 8 நாளில் டெல்பி, மைசீனி, மிஸ்ட்ராஸ், ஒலிம்பியா முடியுமா?

மலைப்பாதை கேட்டது:
அக்டோபர் 20 ஏதென்ஸில் இறங்குகிறோம், 28 மாலை அங்கிருந்தே விமானம். மொத்தம் நான்கு பேர், இருவர் 65 தாண்டியவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். மைசீனி, எபிடாரஸ், மிஸ்ட்ராஸ், ஒலிம்பியா, டெல்பி என்று பழங்கால இடிபாடுகள் எல்லாம் பார்க்க ஆசை. பஸ் போதுமா, கார் எடுக்கணுமா? எந்தச் சீட்டை முன்பே வாங்க வேண்டும்? எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் எதை விடலாம்?

கல்தூண்:
நான்கு பேர் என்றால் யோசிக்காமல் கார் எடுங்கள். ஏதென்ஸிலிருந்து (மைசீனி அருகிலுள்ள கடலோர ஊரான) நாஃப்பிலியோவுக்கும் டெல்பிக்கும் பஸ் நன்றாகவே ஓடுகிறது. சிக்கல் குறுக்கே போவதில்தான்: ஒலிம்பியாவிலிருந்து டெல்பிக்கு பஸ் மாறி மாறிப் போனால் ஒரு நாள் அதிலேயே போய்விடும். மைசீனிக்குப் போகும் பல பஸ்கள் பிரதான சாலையில் ஃபிக்தி கிராமத்தில் இறக்கிவிடும்; அங்கிருந்து கோட்டை ஏறக்குறைய 4 கி.மீ. முழங்கால் வலியோடு அது ஆகாது.

20, 21 ஏதென்ஸ். காரை 22 காலையில்தான் எடுங்கள், நகருக்குள் அது பாரம். கொரிந்த் கால்வாயில் (1893-இல் திறந்தது, 6 கி.மீ.க்குச் சற்று மேல்) பாலத்தின் மேல் நின்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். நாஃப்பிலியோவில் இரண்டு இரவு. 23 காலை 8 மணிக்கு மைசீனி வாசலில் நில்லுங்கள், மதியம் எபிடாரஸ். இரண்டுமே நாஃப்பிலியோவிலிருந்து 30 கி.மீ.க்குள். 24 மிஸ்ட்ராஸ், இரவு ஸ்பார்ட்டா. 25 ஒலிம்பியா போய்த் தங்கல். 26 காலை இடிபாடுகளும் மியூசியமும் பார்த்துவிட்டு கடலைக் கடக்கும் ரியோ பாலம் தாண்டி டெல்பி, சுமார் மூன்றரை மணி நேரம். 27 காலை டெல்பி, மாலை ஏதென்ஸ்.

ஸ்பார்ட்டாவிலிருந்து மேற்கே போக வரைபடம் லங்காதா கணவாயைக் காட்டும். கி.மீ. குறைவுதான், ஆனால் முழுக்க கொண்டை ஊசி வளைவு, பாறை உருளும் இடமும் உண்டு. வயதானவர்கள் இருப்பதால் வடக்கே சுற்றி நெடுஞ்சாலையைப் பிடித்து கலாமாட்டா பக்கமாக ஒலிம்பியா போங்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே பதிவு செய்யுங்கள். அங்கே பெரும்பாலும் கியர் வண்டிதான். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம். சுங்கச்சாவடிகள் அடுத்தடுத்து வரும், சில்லறை யூரோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தேதிகாட்டி:
முன்பதிவு கட்டாயம் என்று நான் சொல்வது ஏதென்ஸின் பழங்கால மலைக்கோட்டையான அக்ரோபோலிஸுக்கு மட்டும். 2023 செப்டம்பரிலிருந்து மணி வாரியாக அனுமதிக்கிறார்கள், ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் உச்சவரம்பு. 2025 ஏப்ரலிலிருந்து சீட்டு 30 யூரோ. அதே சமயம், பல இடங்களுக்குச் செல்லும் பழைய கூட்டுச் சீட்டையும் நிறுத்திவிட்டார்கள், பழைய பயணக் குறிப்புகளை நம்பி அதைத் தேடாதீர்கள். பண்பாட்டு அமைச்சகத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் வாங்குங்கள். காலை 8 மணிச் சீட்டு கிடைத்தால் அதுவே உத்தமம். தென்கிழக்கில், டயோனிசஸ் அரங்கின் பக்கமுள்ள வாசலில் வரிசை குறைவு. பெரிய பையோடு உள்ளே விடமாட்டார்கள். மேலே பளிங்கு பாதம் பட்டுப் பட்டுக் கண்ணாடிபோல் வழுக்கும், மழை பெய்தால் இன்னும் மோசம். ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள். கீழேயுள்ள அக்ரோபோலிஸ் மியூசியத்துக்குச் சீட்டு தனி.

அக்டோபர் பின்பாதியில் இடங்கள் மாலை 6 மணிவாக்கில் மூடும். கோடை நேர அட்டவணையை வைத்துக்கொண்டு இரவு 8 மணி வரை இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நவம்பர் 1 தாண்டினால் பல இடங்களில் மதியம் மூன்று, மூன்றரைக்கே கதவு சாத்திவிடுவார்கள். உங்கள் 28 அக்டோபர் தேசிய விடுமுறை, அரசுத் தொல்லியல் இடங்களுக்கு அன்று நுழைவு இலவசம். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். அக்ரோபோலிஸை அன்று வைக்காதீர்கள்.

படிக்கட்டு:
முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தப் பட்டியலில் ஒலிம்பியா மட்டும்தான் சமதரை, மர நிழலும் உண்டு. டெல்பி முழுக்க ஏற்றம்: வாசலிலிருந்து கோயில், அதற்கு மேல் அரங்கு, உச்சியில் ஓட்டப்பந்தயத் திடல். அம்மா அரங்கோடு நின்றுகொள்ளலாம். கோயிலும் பள்ளத்தாக்கும் சேர்ந்து தெரியும் காட்சி அங்கேயே கிடைத்துவிடும். திரும்ப இறங்கியாக வேண்டும், ஊன்றுகோல் எடுத்துப் போங்கள்.

மிஸ்ட்ராஸை விடச் சொல்லமாட்டேன். அங்கே மேல்வாசல், கீழ்வாசல் என்று இரண்டு, இரண்டுக்கும் ஒரே சீட்டு. மலையை முழுதாக இறங்கினால்தான் முட்டி போகும். மேல்வாசலில் காரை நிறுத்தி அருகிலுள்ள தேவாலயங்களைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புங்கள். பிறகு காரிலேயே கீழ்வாசலுக்கு வந்து, பேராலயத்தை மட்டும் பாருங்கள். உச்சிக் கோட்டையை இளையவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

நாஃப்பிலியோவின் பாலமிடி கோட்டைக்கு 999 படி என்று ஊரே சொல்லும். எண்ணினால் அதற்குக் குறைவு. பின்பக்கமாக வாசல்வரை கார் போகிறது.

மலைப்பாதை:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் மியூசியத்தைப் பயணத்தின் முதலில் பார்ப்பதா, கடைசியிலா?

கல்தூண்:
கடைசியில், 28 காலையில். மைசீனி குழிக் கல்லறைகளிலிருந்து ஜெர்மன் அகழ்வாளர் ஷ்லீமன் 1876-இல் எடுத்த தங்க முகமூடிகள் அங்கேதான் இருக்கின்றன. குழி எங்கே என்று பார்த்த பிறகு அவற்றின் முன் நின்றால் கண்ணுக்கு வேறு மாதிரிப் படும். விடுமுறைக் கூட்டம் இருக்கும், திறந்த உடனே போய்விடுங்கள். ஒலிம்பியாவிலும் டெல்பியிலும் கிடைத்தவை பெரும்பாலும் அந்தந்த ஊர் மியூசியத்திலேயே உள்ளன, அவற்றைத் தவறவிட்டால் ஏதென்ஸில் ஈடுகட்ட முடியாது.

மைசீனியில் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோட்டையிலிருந்து அரை கி.மீ. கீழே, சாலையோரம் 'அட்ரியஸ் கருவூலம்' எனும் கல்லறை இருக்கிறது, அதே சீட்டுதான். பலர் காரில் கடந்து போய்விடுகிறார்கள். உள்ளே 13 மீட்டர் உயரக் கூரை, வளையம் வளையமாக ஒவ்வொரு கல்வரிசையையும் சற்று உள்ளே தள்ளி அடுக்கியது. வாசலின் உத்தரக்கல் சுமார் 120 டன். அதற்கு மேலே முக்கோணமாக ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள், மேல்பாரம் உத்தரத்தின் நடுவில் இறங்காமல் இருபுறச் சுவருக்கும் போய்விடும். கோட்டையின் சிங்க வாசலிலும் அதே முக்கோணம்தான். அங்கே அதை மூடிய மெல்லிய பலகைக்கல்லில்தான் அந்தச் சிங்கங்கள். இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால் சிற்பம் எதற்காக அந்த இடத்தில் வந்தது என்று புரியும்.

படிக்கட்டு:
இன்னும் இரண்டு. ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலின் விழுந்த தூண் துண்டுகளை அருகில் போய்ப் பாருங்கள், கல்லுக்குள் கிளிஞ்சல்கள் பதிந்திருக்கும். உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல். பளிங்குபோல் தெரிய மேலே வெள்ளைச் சுதை பூசியிருந்தார்கள். டெல்பி மியூசியத்தில் வெண்கலத் தேரோட்டி சிலையின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். செம்பில் செய்த இமைமயிர் இன்னும் ஒட்டியிருக்கிறது, நேரே நின்றால் அது கண்ணில் படாது.