கணினியோடு வந்த விண்டோஸை விஎம்முக்குள் ஓட்டலாமா?

முனையம்:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மடிக்கணினியோடு வந்த விண்டோஸ் 10-ஐ அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். அதே விண்டோஸை இப்போது விர்ச்சுவல்பாக்ஸில் ஓட்டுகிறேன். எல்லாம் சட்டப்படிதான்." அதற்கு கைதட்டல் வேறு. கணினியோடு வரும் ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும். விஎம் என்பது விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி மென்பொருள் கணினிக்குள் உருவாக்கும் இன்னொரு கணினி, அதாவது வேறு சாதனம். 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அமுக்குவதற்கு முன் ஒரு தடவையாவது படித்துத் தொலையுங்கள்.

நிழற்படி:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். விஎம் எங்கே ஓடுகிறது? என் மடியில் இருக்கும் அதே கணினியில். அதே பிராசசர், அதே ராம். அது எப்படி வேறு சாதனம்?

முனையம்:
வேறு சாதனம்தான். விஎம்முக்குத் தனி மதர்போர்டு, தனி டிஸ்க், தனி நெட்வொர்க் முகவரி. உள்ளே ஓடும் விண்டோஸைக் கேளுங்கள், உங்கள் மடிக்கணினியைத் தெரியவே தெரியாது என்று சொல்லும்.

எறும்பு:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். 'சாதனம்' என்றால் என்ன என்று விண்டோஸின் உரிம ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: சேமிப்பகம் உள்ள வன்பொருள் அமைப்பு, நிஜமானதோ மெய்நிகரோ. ஒரு உரிமத்துக்கு ஒரு நிறுவல். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெய்ல் என்றால் பழைய இடத்தில் அழித்துவிட்டு விஎம்முக்கு மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஓஇஎம், ரீட்டெய்ல் இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.

நிழற்படி:
பாருங்கள், மெய்நிகரும் சாதனம்தான் என்று எறும்பே சொல்லிவிட்டார்.

முனையம்:
சாதனம்தான். வேறு சாதனம்.

கொட்டாவி:
'மெய்நிகர்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்? விர்ச்சுவல் என்றே எழுதலாமே.

எறும்பு:
இத்தனை நேரம் உங்களுக்குப் புரிந்ததல்லவா?

நிழற்படி:
சரி, முனையம் ஐயாவுக்கு ஒரு செய்தி. என் கணினியின் பயாஸில், அதாவது மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளில், எம்எஸ்டிஎம் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. விண்டோஸின் 25 எழுத்து உரிமச் சாவி அதற்குள்தான். அந்த அட்டவணையைக் கோப்பாக எடுத்து கீமு என்ற இன்னொரு விஎம் மென்பொருளில் விஎம்முக்குக் கொடுத்துப் பார்த்தேன். விண்டோஸ் சத்தமே இல்லாமல் ஆக்டிவேட் ஆகிவிட்டது. மைக்ரோசாஃப்டின் சர்வரே சரி என்கிறது, உங்களுக்கு என்ன வலிக்கிறது?

முனையம்:
ஆக்டிவேட் ஆனால் உரிமம் வந்துவிட்டதா? பூட்டு திறந்துகொண்டதால் வீடு உங்களுடையது ஆகிவிடுமா? 2007-இல் விண்டோஸ் விஸ்டாவின் ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் பதிப்புகள் இரண்டையும் விஎம்மில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தார்கள். மென்பொருளில் எந்தத் தடையும் இல்லை, போட்டால் ஓடும். ஓடியதால் அனுமதி என்று ஆகவில்லை. 2008 ஜனவரியில்தான் அந்த விதியை எடுத்தார்கள். அன்றைக்கும் இதே மாதிரி ஆட்களுக்கு இதே பாடம் எடுத்தேன். சாதனம் வேறு என்றால் வேறுதான்.

பெரிசு:
விண்டோஸ் 7 புரொஃபஷனலில் எக்ஸ்பி மோடு என்று ஒன்று கொடுத்தார்கள். விஎம்முக்குள் உரிமத்தோடு ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி. இந்தச் சண்டையே கிடையாது. அது ஒரு காலம்.

முனையம்:
கொடுத்தார்கள் பெரிசு, ஆமாம். எக்ஸ்பிக்கென்று தனி உரிமம் கொடுத்தார்கள். ஏன் தனியாகக் கொடுத்தார்கள்? விஎம் வேறு சாதனம் என்பதால்!

நிழற்படி:
நியாயம் பேசுகிறாரே, இவர் யார் என்று புதியவர்களுக்குத் தெரியட்டும். போன வருடம் "என் ஏஎம்டி கணினியில் மேக்ஓஎஸ் விஎம் பறக்கிறது" என்று ஸ்கிரீன்ஷாட் போட்ட மகான் இவர்தான். ஆப்பிள் ஒப்பந்தத்தில் 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பு வந்ததிலிருந்து என்ன இருக்கிறது? ஏற்கெனவே அவர்கள் மென்பொருள் ஓடும் ஆப்பிள் கணினியில் கூடுதலாக இரண்டு விஎம். ஆப்பிள் கணினியில் மட்டும். உங்கள் ஏஎம்டி பெட்டியில் எந்தப் பழம் ஒட்டியிருந்தது?

முனையம்:
அது கற்றுக்கொள்வதற்காகச் செய்தது. ஒரே வாரத்தில் அழித்துவிட்டேன். இங்கே பேச்சு மேக் பற்றி அல்ல.

கொட்டாவி:
ஒரு வாரம் இல்லை, இரண்டு மாதம் கழித்து அதில் சத்தம் வரவில்லை என்று இன்னொரு இழை திறந்தீர்கள். பதில் சொன்னதே நான்தான். நன்றிகூட வரவில்லை.

முனையம்:
நீங்கள் சொன்ன பதில் வேலை செய்யவில்லை, அதனால்தான் நன்றி வரவில்லை.

எறும்பு:
வெறும் சோதனைக்குத்தான் விண்டோஸ் வேண்டும் என்றால் விண்டோஸ் 11 என்டர்பிரைஸின் 90 நாள் மதிப்பீட்டுப் பதிப்பை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. விஎம்மில் போடலாம். யாராவது படிக்கிறீர்களா?

நிழற்படி:
90 நாள் கழித்து எறும்பு வந்து மறுபடி போட்டுத் தருவாரா? என்னிடம் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இருக்கிறது. இதையே அந்த விஎம்முக்குள் உட்கார்ந்துதான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முனையம்:
அதாவது, வேறு சாதனத்திலிருந்து.